ஒரு குரலும் ஐந்து பெயர்களும்: யமகுச்சி யோஷிகோவின் கலைவாழ்வும் அடையாளச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

மஞ்சூரியாவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, சீன மொழியையும் ஐரோப்பிய இசைப்பயிற்சியையும் தன்வயமாக்கிக்கொண்டு, லி சியாங்லான் என்னும் சீனப் பெயரில் கிழக்காசியா முழுவதும் புகழ்பெற்ற நடிகையும் பாடகியுமானவர் யமகுச்சி யோஷிகோ (1920-2014). அவருடைய பன்மொழித் திறன் ஜப்பானியப் பேரரசின் போர்க்காலப் பரப்புரைக்குப் பயன்பட்டது. போர் முடிந்தபின் அதே திறனே அவர் மீதான துரோகக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக நின்றது. அவர் தாங்கிய பெயர்களை அடிப்படையாகக் கொண்டு அவரது வாழ்வையும் கலைப்பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது. பல பண்பாடுகளில் வேரூன்றிய ஒரு கலைஞரின் அடையாளத்தைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது, சட்டம் விடுவித்த பின்னும் எஞ்சும் பொறுப்பை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்னும் இரு வினாக்கள் இங்கு முதன்மை பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: யமகுச்சி யோஷிகோ, லி சியாங்லான், மஞ்சுகோ, போர்க்காலத் திரைப்படம், பரப்புரை, அடையாளம், தன்வரலாறு

முன்னுரை

ஒருவர் பல பண்பாடுகளுக்கு உரியவராய் விளங்குவது இக்காலத்தில் பெருமைக்குரியதாகக் கருதப்படுகிறது. பல மொழிகளைப் பேசும் நடிகையோ பாடகியோ எல்லைகளைக் கடந்த கலைஞர் என்று போற்றப்படுகிறார். ஆனால் இரு நாடுகளுக்கிடையே போர் நிகழும் காலத்தில் இரு பக்கத்தின் மொழியையும் பிழையறப் பேசும் ஒருவர் எப்பக்கத்தவர் என்னும் வினா எழாமல் இராது. அவ்வினாவுக்குரிய விடையை அவர் தாமே தரும் வாய்ப்பும் எப்போதும் கிட்டுவதில்லை. அரசும் திரைப்பட நிறுவனமும் இதழ்களும் நீதிமன்றமும் அவ்விடையைத் தத்தம் தேவைக்கேற்ப எழுதிக்கொள்கின்றன.

இதற்குத் தெளிவான சான்றாக அமைவது யமகுச்சி யோஷிகோவின் வாழ்வு. பிறப்பில் யமகுச்சி யோஷிகோ, திரையில் லி சியாங்லான், பெய்ஜிங் பள்ளியில் பான் ஷூஹுவா, அமெரிக்கப் படங்களில் ஷெர்லி யமகுச்சி, ஜப்பானிய நாடாளுமன்றத்தில் ஓதகா யோஷிகோ என ஐந்து பெயர்களை அவர் தாங்கினார். இவற்றுள் லி சியாங்லான் என்பதன் சீன எழுத்துகளை ஜப்பானியர் ‘ரி கோரான்’ என்று ஒலித்தனர். இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு காலகட்டத்தையும், அக்காலகட்டத்தில் அவரிடமிருந்து எதிர்பார்க்கப்பட்ட ஒரு பணியையும் குறித்து நிற்கின்றன.

மஞ்சூரியப் பின்புலம்

1904-05ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ரஷ்ய-ஜப்பானியப் போரின் வெற்றியால் தென் மஞ்சூரியாவின் இருப்புப்பாதை உரிமை ஜப்பானுக்குக் கிடைத்தது. 1906இல் தொடங்கப்பட்ட தென் மஞ்சூரிய இருப்புப்பாதை நிறுவனம் தொடர்வண்டிகளை இயக்கியதோடு நிலக்கரிச் சுரங்கங்கள், நகரங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றையும் நடத்தியது. வடகிழக்குச் சீனத்தில் குடியேறிய ஜப்பானியர் பலரின் வாழ்க்கை இந்நிறுவனத்தைச் சார்ந்தே அமைந்தது.

யோஷிகோவின் தந்தை யமகுச்சி ஃபுமியோ ஜப்பானின் சாகா மாகாணத்தைப் பூர்விகமாகக் கொண்டவர். சீன மொழியில் புலமை மிக்க அவர், ஃபுஷுன் நிலக்கரிச் சுரங்க நகரில் நிறுவனப் பணியாளர்களுக்குச் சீனம் கற்பித்தார். 1920 பிப்ரவரி 12இல் பிறந்த யோஷிகோ தந்தையிடமே சீனம் பயின்றார். வேற்றுநாட்டவர் என்று கண்டுகொள்ள இயலாத அளவுக்கு அவரது ஒலிப்பு அமைந்தது. பிற்கால வாழ்வின் உயர்வுக்கும் இடருக்கும் இம்மொழித்திறனே முதற்காரணமாயிற்று.

1931 செப்டம்பரில் முக்டென் நிகழ்வைக் காரணமாகக் காட்டி ஜப்பானியப் படை மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. 1932 மார்ச்சில் மஞ்சுகோ என்னும் பெயரளவிலான நாடு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் ஃபுஷுன் சுரங்கத்தைத் தாக்கினர். அதற்குப் பழிவாங்கும் வகையில் ஜப்பானியப் படையினர் அருகிலிருந்த பிங்டிங்ஷான் சிற்றூர் மக்களைக் கொன்று குவித்தனர். அப்போது பன்னிரண்டு வயதினரான யோஷிகோ, மரத்தில் கட்டப்பட்டிருந்த ஒரு சீனர் ஜப்பானியக் காவற்படையினரால் அடித்து விசாரிக்கப்பட்டதைத் தம் வீட்டுச் சாளரத்தின் வழியே கண்டதாகத் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். சீன நண்பர்களைக் கொண்டிருந்த காரணத்தால் தந்தையும் ஐயத்துக்கு உள்ளாகி விசாரிக்கப்பட்டார். பின்னர்க் குடும்பம் முக்டென் நகருக்குக் குடிபெயர்ந்தது. ‘நல்லிணக்க நாடு’ எனப் பின்னாளில் அவர் பாடிப் பரப்பவிருந்த மஞ்சுகோவின் தொடக்கம் அவர் கண்முன்னரே இவ்வாறு நிகழ்ந்தது.

பெயரும் குரலும் அமைந்த முறை

முக்டெனில் ஃபுமியோவின் நெருங்கிய நண்பராக விளங்கியவர் லி ஜிசுன் என்னும் சீனத் தளபதி. நண்பர்தம் பிள்ளைகளைப் பெயரளவில் மகவேற்பது சீனக் குடும்பங்களில் வழங்கிய மரபு. அம்மரபின்படி அவர் யோஷிகோவைத் தம் மகளாக ஏற்று லி சியாங்லான் என்று பெயரிட்டார். சியாங்லான் என்பதற்கு மணமிகு ஆர்க்கிட் மலர் என்பது பொருள். எனவே, இப்பெயர் ஏமாற்றும் நோக்கில் புனையப்பட்டதன்று. இரு குடும்பங்களின் அன்பால் விளைந்தது. வீட்டளவில் வழங்கிய இப்பெயரை வானொலியும் திரைப்படமும் எடுத்துக்கொண்டபோதே அதன் பொருள் மாறியது.

இசைப்பயிற்சி தற்செயலாகத் தொடங்கியது. நுரையீரல் நோயுற்றுத் தேறிய யோஷிகோவுக்கு மூச்சை வலுப்படுத்தப் பாட்டுப் பயிற்சி உதவும் என்று கருதப்பட்டது. ரஷ்ய யூதக் குடும்பத்தைச் சேர்ந்த லியூபா என்னும் தோழி, அந்நகரில் வாழ்ந்த போத்ரெசோவ் அம்மையாரிடம் அவரை அழைத்துச் சென்றார். இத்தாலியில் பிறந்து ரஷ்யரை மணந்த அவ்வம்மையார் ஆப்பெராப் பாடகியாய் விளங்கியவர். ஆக, ஜப்பானியச் சிறுமி ஒருவர் ரஷ்ய யூதத் தோழியின் துணையால் இத்தாலியப் பாடகியிடம் சீன நகரொன்றில் இசை கற்றார். மஞ்சூரிய நகரங்களின் மக்கட்கலப்பு இத்தகைய சந்திப்புகளை இயல்பாக்கியிருந்தது.

ஆசிரியையின் இசைநிகழ்ச்சியில் பாடிய யோஷிகோவை முக்டென் வானொலி நிலையத்தார் கண்டறிந்தனர். மஞ்சுகோ மக்களுக்கென ‘புதிய பாடல்கள்’ நிகழ்ச்சியொன்றை அவர்கள் திட்டமிட்டிருந்தனர். சீனம் பேசவும், இசைக்குறிப்பைப் படித்துப் பாடவும், ஜப்பானிய அலுவலர்களோடு உரையாடவும் வல்ல இளம்பெண் ஒருவர் அதற்குத் தேவைப்பட்டார். இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருந்த யோஷிகோ, லி சியாங்லான் என்னும் பெயரில் பாடத் தொடங்கினார். பாடுபவர் சீனப் பெண் என்றே கேட்டோர் எண்ணினர்.

பின்னர்ப் பெய்ஜிங்கில் தந்தையின் மற்றொரு நண்பரான பான் யூகுய் இல்லத்தில் தங்கி, பான் ஷூஹுவா என்னும் பெயரில் சீனப் பெண்கள் பள்ளியில் பயின்றார். ஜப்பானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக மாணவர் கிளர்ந்தெழுந்த காலம் அது. ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தால் ஒவ்வொருவரும் என்ன செய்வர் என்று மாணவர் கூட்டமொன்றில் வினவப்பட்டபோது, தாம் நகரின் மதிற்சுவர் மீது நிற்கப்போவதாக அவர் விடையளித்தார். மதில்மேல் நிற்பவரை இருபுறத்துக் குண்டுகளில் எதுவும் வீழ்த்தலாம். தோழியர் அதனைத் துணிவின் சொல்லாகக் கொண்டனர். தம்மளவில் அது செய்வதறியாதவரின் சொல் என்று அவர் பின்னாளில் விளக்கினார்.

மஞ்சுகோ திரைப்படக் கழகம்

1937இல் மஞ்சுகோவின் தலைநகரான சின்ஜிங்கில் (இன்றைய சாங்சுன்) மஞ்சுகோ திரைப்படக் கழகம் நிறுவப்பட்டது. ஜப்பானியர், ஹான் சீனர், மஞ்சுக்கள், மங்கோலியர், கொரியர் ஆகிய ஐவகை மக்களின் நல்லிணக்கம் என்னும் அரசுக் கொள்கையைப் பரப்புவது அதன் பணியாக இருந்தது. 1939 முதல் அதற்குத் தலைமையேற்ற அமகாசு மசாஹிகோ முன்னாள் இராணுவக் காவற்படை அதிகாரி ஆவார். கலைநிறுவனமாகத் தோன்றினும் ஆட்சியின் உறுப்பாகவே அது இயங்கியது என்பதற்கு அவருடைய பதவியே சான்றாகும்.

பாடல்களுக்குப் பின்னணிக் குரல் தரவேண்டும் என்றே யோஷிகோ அழைக்கப்பட்டார். சென்று சேர்ந்தபின் கேமராவின் முன் நிறுத்தப்பட்டு, 1938இல் வெளியான ‘தேனிலவு விரைவுவண்டி’ படத்தின் வாயிலாக நடிகையானார். ஜப்பானிய மொழியும் அறிந்த சீன நடிகை என்றே கழகம் அவரை விளம்பரப்படுத்தியது.

அதே ஆண்டு முதன்முறையாகத் தம் பெற்றோரின் நாட்டுக்குச் சென்றபோது நிகழ்ந்ததொன்றை அவர் தன்வரலாற்றில் விவரிக்கிறார். சீன உடையுடன் துறைமுகத்தில் இறங்கிய அவரது கடவுச்சீட்டில் யமகுச்சி யோஷிகோ என்னும் பெயரைக் கண்ட காவல் அலுவலர், உயர்ந்த இனத்தில் பிறந்த பெண் சீன உடை உடுத்துச் சீனம் பேசுவதா என்று கடிந்துகொண்டார். ஐவகை மக்களும் சமம் என்று திரையில் முழங்கிய பேரரசின் நுழைவாயிலிலேயே அக்கொள்கையின் வெறுமையை அவர் கண்டார். எனினும் கழகத்தின் பணியிலிருந்து அவர் விலகவில்லை. இம்முரணைத் தன்வரலாறும் மறைக்கவில்லை.

பெருநிலப் படங்கள் மூன்று

சீனத்தைப் ‘பெருநிலம்’ என்று ஜப்பானியர் அழைத்தனர். அதனைக் களமாகக் கொண்டு டோஹோ நிறுவனம் ஹசெகவா கசுவோவையும் லி சியாங்லானையும் இணையாக்கி மூன்று படங்களை உருவாக்கியது. 1939இல் ‘வெள்ளை ஆர்க்கிட்டின் பாடல்’, 1940இல் ‘சீனத்து இரவு’, அதே ஆண்டில் ‘சுடுமணலில் செய்த சூளுரை’ ஆகியன வெளிவந்தன. ஜப்பானிய ஆடவன்மீது சீனப்பெண் காதல் கொள்வது இப்படங்களின் பொதுக்கூறு. வென்றவனைத் தோற்றவர் விரும்பி ஏற்பதாகக் காட்டும் அரசியற் கற்பனை அதனுள் உறைந்திருந்தது.

‘சீனத்து இரவு’ படத்தின் ஒரு காட்சி இன்றளவும் ஆய்வாளரால் விவாதிக்கப்படுகிறது. போரில் பெற்றோரை இழந்து ஜப்பானியரை வெறுக்கும் சீனப் பெண்ணுக்கு ஜப்பானியக் கப்பல் அலுவலன் ஒருவன் அடைக்கலம் தருகிறான். அவளது பிடிவாதம் கண்டு சினந்து கன்னத்தில் அறைகிறான். அறையுண்டவள் மனம் மாறி அவன்மீது அன்பு கொள்கிறாள். அக்கால ஜப்பானிய நாடக மரபில் ஆண்மகனின் அறை, அடக்கிவைத்த அன்பின் வெளிப்பாடாகப் பொருள்கொள்ளப்பட்டது. சீனப் பார்வையாளர்க்கோ அது இருமடங்கு இழிவு. அடிபட்டது ஓர் இழிவு. அடித்தவனையே விரும்பியது மற்றோர் இழிவு. ஒரே அசைவு இரு பண்பாடுகளில் எதிரெதிர்ப் பொருள் தருவதை இரு மொழிகளையும் அறிந்த யோஷிகோவே உணரத்தக்கவராக இருந்தார். தாம் அதனை உரிய காலத்தில் உணரத் தவறியதாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

இப்படத்தில் இடம்பெற்ற ‘சூசோவ் இரவுப்பாடல்’ ஹத்தோரி ரியோயிச்சி இசையமைத்தது. படத்தின் அரசியல் மங்கிய பின்னரும் அப்பாடல் இன்றுவரை பாடப்பட்டு வருகிறது.

யோஷிகோவின் புகழ் உச்சம் தொட்ட நாள் 1941 பிப்ரவரி 11. பேரரசு நிறுவப்பட்டதாகக் கொண்டாடப்பட்ட அந்நாளில் டோக்கியோவின் நிசிகெக்கி அரங்கில் அவர் பாடினார். நுழைவுச்சீட்டுக்காகக் காத்திருந்தோர் வரிசை அரங்கை ஏழரைச் சுற்றுச் சுற்றியிருந்ததாகக் கூறப்படுகிறது. கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவலர் தலையிட நேர்ந்தது. சீனத்தோடு போர் நடந்துகொண்டிருந்த நாட்டின் தலைநகரில், சீனப் பெண் எனப்பட்ட ஒருவரைக் காண இத்துணைப் பேர் திரண்டனர். போர்க்காலக் கட்டுப்பாடுகளிடையே வாழ்ந்த மக்களுக்கு அவர் அயல்நிலத்தின் அழகாகத் தோன்றியிருக்க வேண்டும். அவ்வழகை ஆளும் உரிமை தமக்குண்டு என்னும் எண்ணமும் அதனோடு கலந்திருந்தது.

இதனைத் தொடர்ந்து 1941இல் கொரியக் களத்தில் அமைந்த ‘நீயும் நானும்’ படத்திலும், 1943இல் தைவான் தொல்குடிப் பெண்ணாக ‘சயோனின் மணி’ படத்திலும் நடித்தார். பேரரசின் ஆளுகைக்குட்பட்ட ஒவ்வொரு நிலத்துக்கும் அவரது முகம் கொண்டுசெல்லப்பட்டது. இவற்றினின்று வேறுபட்டது ஹர்பின் நகரில் ரஷ்யக் கலைஞர்களுடன் படமாக்கப்பட்ட ‘என் இராப்பாடி’. இப்படத்தில் உரையாடலும் பாடலும் பெரும்பாலும் ரஷ்ய மொழியில் அமைந்தன. பெற்றோரைப் பிரிந்து ரஷ்ய ஆப்பெராப் பாடகரால் வளர்க்கப்படும் ஜப்பானியப் பெண்ணின் கதை அது. அவருடைய சொந்த வாழ்வுக்கு மிக அணுக்கமான இப்படம் போர்க்கால ஜப்பானில் திரையிடப்படவில்லை. பரப்புரைக்குப் பயன்படாத பன்முகப் பண்பாட்டுக்குப் பேரரசில் இடமில்லை என்பதை இது புலப்படுத்துகிறது.

சீனப் பார்வையாளரும் ஒரு வினாவும்

சீனப் பொதுமக்களிடையே லி சியாங்லானுக்குப் பெரும்புகழ் தேடித்தந்த படம் 1943இல் வெளியான ‘நீடுபுகழ்’. அபினிப் போரின்போது ஆங்கிலேயரை எதிர்த்த லின் செசூவின் வரலாற்றைத் தழுவிய இப்படம், ஜப்பானியக் கட்டுப்பாட்டில் இருந்த ஷாங்காயில் சீன இயக்குநர்களால் உருவாக்கப்பட்டது. அபினிக் கூடத்தில் மிட்டாய் விற்றவாறே அபினியின் கேட்டைப் பாடும் பெண்ணாக அவர் நடித்தார். ஆங்கிலேய எதிர்ப்பு என்பதால் ஜப்பானிய அதிகாரிகள் படத்தை வரவேற்றனர். அயல் ஆதிக்க எதிர்ப்பு என்பதால் சீன மக்கள் அதனை வேறு பொருளில் கண்டு மகிழ்ந்தனர். ஒரே படைப்பு இரு தரப்பாருக்கும் இருவேறு படமாக அமைந்தது.

இவ்வெற்றிக்குப்பின் பெய்ஜிங்கில் நடந்த இதழாளர் சந்திப்பின் இறுதியில் ஓர் இளைஞர் எழுந்து வினவினார். சீனப் பெண்ணாகிய நீங்கள் ‘சீனத்து இரவு’ போன்ற படங்களில் ஏன் நடித்தீர்கள், உங்களுக்கு இனமானம் இல்லையா என்பது அவ்வினாவின் சாரம். தாம் ஜப்பானியர் என்பதை அச்சந்திப்பிலேயே வெளியிட யோஷிகோ முன்னரே எண்ணியிருந்தார். அமைப்பாளரான சீன இதழாளர் மக்கள் ஏமாற்றமடைவர் என்று கூறி அதனைத் தடுத்திருந்தார். எனவே உண்மையைக் கூறவும் இயலாமல், பொய்யைத் தொடரவும் விரும்பாமல், அறியா வயதில் செய்த பிழை என்று கூறி மன்னிப்புக் கேட்டார். கூட்டத்தினர் கைதட்டினர். சீனர் என்னும் நிலையில் நின்று கேட்ட மன்னிப்புக்குக் கிடைத்த அக்கைதட்டல் தம்மை மேலும் வருத்தியதாக அவர் எழுதுகிறார். 1944இல் மஞ்சுகோ திரைப்படக் கழகத்திலிருந்து அவர் விலகினார்.

அக்காலத்தில் ஷாங்காயில் அவர் பாடிப் பதிவான ‘யேலாய்சியாங்’ என்னும் பாடல் சீன இசைவரலாற்றில் நிலைபெற்றது. இரவில் மணக்கும் மலரைக் குறிக்கும் இப்பாடலை இயற்றியவர் லி ஜின்குவாங். சீன மெட்டோடு மேலைநாட்டு நடன இசையின் தாளம் அதில் இணைந்திருந்தது. போத்ரெசோவ் அம்மையாரிடம் பெற்ற உச்சக்குரற் பயிற்சி இங்கு முழுப்பயனைத் தந்தது. போர் முடிய இருந்த 1945இல், இப்பாடலை மையமாகக் கொண்ட இசைநிகழ்ச்சியை ஷாங்காயின் பேரரங்கில் ஹத்தோரியுடன் இணைந்து வழங்கினார். சீனரும் ஜப்பானியரும் ஒரே அவையில் அமர்ந்து கேட்டனர்.

வழக்கும் ஒரு பதிவேட்டுப் படியும்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. எதிரியோடு ஒத்துழைத்த சீனர்களைத் துரோகிகளாக விசாரிக்கும் நடவடிக்கைகளைச் சீன அரசு தொடங்கியது. அவர்களைக் குறிக்க ‘ஹான்ஜியன்’ என்னும் சொல் வழங்கியது. அதன் பொருள் ஹான் இனத்துக்குத் துரோகம் செய்தவர் என்பதாகும். லி சியாங்லான் அக்குற்றச்சாட்டுக்கு ஆளானார். அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்படும் என்னும் செய்தியும் ஷாங்காய் இதழ்களில் பரவியது.

அச்சொல்லின் பொருளிலேயே அவரது உயிர் தங்கியிருந்தது. சீனர் ஒருவரே சீனத்துக்குத் துரோகம் செய்தவராகக் கருதப்பட முடியும். அவர் ஜப்பானியர் என்று மெய்ப்பிக்கப்பட்டால் குற்றச்சாட்டே பொருந்தாது. ஆனால் அத்தனை ஆண்டுகளாக அவர் சீனர் என்று உலகையே நம்பவைத்திருந்தனர். அவரது சீன ஒலிப்பும் உடையும் நடையும் அந்நம்பிக்கையை உறுதிசெய்தன. ஜப்பானியர் என்பதற்கு வாய்மொழி போதவில்லை, ஆவணம் தேவைப்பட்டது.

ஜப்பானியர் எந்நாட்டில் பிறந்தாலும் அவர் பெயர் பூர்விக ஊரின் குடும்பப் பதிவேட்டில் எழுதப்படும். அப்பதிவேட்டின் படி பெய்ஜிங்கில் இருந்த பெற்றோரிடம் இருந்தது. இளமைத் தோழி லியூபா அவர்களைச் சந்தித்து, அப்படியை ஜப்பானியப் பொம்மையொன்றின் இடைக்கச்சையுள் மறைத்து ஷாங்காய்க்குச் சேர்ப்பித்தார். மொழியாலும் இசையாலும் நட்பாலும் உருவான ஒரு வாழ்வை, சட்டம் ஒரு தாளைக் கொண்டு அளந்தது. 1946 பிப்ரவரியில் யோஷிகோ குற்றமற்றவராக விடுவிக்கப்பட்டார். எனினும் சீனப் பெயரில் ‘சீனத்து இரவு’ முதலிய படங்களில் நடித்தது அறநோக்கில் வினாவுக்குரியது என்று நீதிபதி சுட்டினார். அதனை ஏற்று மன்னிப்புக் கேட்டதாக யோஷிகோ குறிப்பிடுகிறார்.

இவ்விடுதலையின் தன்மையை விளங்கிக்கொள்ளக் கவாஷிமா யோஷிகோ என்பாரின் முடிவோடு ஒப்பிடுதல் தகும். மஞ்சு அரசகுலத்தில் பிறந்த அவர், ஜப்பானியர் ஒருவரால் மகவேற்கப்பட்டு ஜப்பானில் வளர்ந்தார். ஜப்பானியப் படைக்கு உளவு வேலை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். தாம் ஜப்பானியக் குடியுரிமை உடையவர் என்று மெய்ப்பிக்கும் பதிவேட்டுச் சான்று அவருக்கு இல்லை. 1948 மார்ச்சில் அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. இருவர் மீதும் சாட்டப்பட்ட செயல்கள் வேறானவை. ஆயினும், மகவேற்பால் வேற்றுநாட்டுப் பெயர் பெற்ற இருவருள் ஒருவருக்குப் பிறப்புப் பதிவு உயிரளித்தது. மற்றவர்க்கு அஃது இன்மை உயிர்போக்கக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

1946இன் வசந்தத்தில் ஷாங்காயிலிருந்து கப்பலேறினார். கரையிலிருந்து விலகும் நேரத்தில் கப்பலின் வானொலியில் ஒலித்தது அவர் பாடிய ‘யேலாய்சியாங்’ என்று தன்வரலாறு கூறுகிறது. பாடியவரை வெளியேற்றிய நகரம் பாடலைக் கைவிடவில்லை.

போருக்குப்பின் கலைப்பணி

ஜப்பானில் யமகுச்சி யோஷிகோ என்னும் இயற்பெயரில் மீண்டும் நடிக்கத் தொடங்கினார். 1950இல் தானிகுச்சி செங்கிச்சி இயக்கிய ‘வைகறைத் தப்பியோட்டம்’ வெளிவந்தது. இதன் மூலமான தமுரா தைஜிரோவின் கதையில் தலைவி, போர்முனையில் படைவீரர்களுக்கென வைக்கப்பட்ட பெண்களுள் ஒருத்தி. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிருவாகத்தின் தணிக்கையால் கதை பலமுறை திருத்தப்பட்டு, திரையில் அவள் பாடகியாக மாற்றப்பட்டாள். அதே ஆண்டு அகிரா குரோசவாவின் ‘அவதூறு’ படத்தில் மிஃபுனே தோஷிரோவுடன் நடித்தார். புகழ்பெற்ற பாடகி ஒருவரைப் பற்றி இதழொன்று பொய்ச்செய்தி வெளியிடுவது அப்படத்தின் கரு.

அமெரிக்காவில் ஷெர்லி யமகுச்சி என்னும் பெயரைப் பெற்றார். கிங் விடோரின் ‘ஜப்பானியப் போர் மணமகள்’ (1952) படத்தில் அமெரிக்க வீரரை மணந்து கலிஃபோர்னியாவில் குடியேறும் பெண்ணாகவும், சாமுவேல் ஃபுல்லரின் ‘மூங்கில் வீடு’ (1955) படத்தில் அமெரிக்கரைக் காதலிக்கும் ஜப்பானியப் பெண்ணாகவும் தோன்றினார். இவற்றை முந்தைய பெருநிலப் படங்களோடு ஒப்பிட்டால் ஓர் ஒற்றுமை புலனாகும். முன்னர் வென்ற ஜப்பானியனை விரும்பும் சீனப்பெண். பின்னர் வென்ற அமெரிக்கனை விரும்பும் ஜப்பானியப் பெண். ஆதிக்கம் கைமாறியது, நடிகைக்கு ஒதுக்கப்பட்ட இடம் பெரிதும் மாறவில்லை.

1951இல் சிற்பி இசாமு நோகுச்சியை மணந்தார். ஜப்பானியக் கவிஞருக்கும் அமெரிக்கப் பெண்மணிக்கும் பிறந்த நோகுச்சியும் இரு நாடுகளுக்கிடையே அல்லலுற்றவர். அம்மணவாழ்வு சில ஆண்டுகளில் முடிவுற்றது. 1950களின் நடுப்பகுதியில் ஹாங்காங்கில் லி சியாங்லான் என்னும் பழைய பெயரிலேயே சீனப் படங்களில் நடித்தார். அவர் ஜப்பானியர் என்பது அனைவரும் அறிந்த பின்னரும் அப்பெயருக்குச் சீனப் பார்வையாளர் இருந்தனர். 1958இல் தூதரக அலுவலர் ஓதகா ஹிரோஷியை மணந்து திரையுலகிலிருந்து விலகினார்.

பொதுவாழ்வும் பொறுப்புணர்வும்

1969 முதல் தொலைக்காட்சியின் பிற்பகல் நிகழ்ச்சியொன்றைத் தொகுத்து வழங்கிய அவர், வியட்நாமுக்கும் பாலஸ்தீனத்துக்கும் சென்று செய்தி சேகரித்தார். 1974இல் ஓதகா யோஷிகோ என்னும் பெயரில் ஜப்பானிய நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1992 வரை பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றினார்.

1995இல் ஆசியப் பெண்கள் நிதியம் அமைக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினரின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்கு ஈடு வழங்குவது அதன் நோக்கம். அதன் துணைத்தலைவர்களுள் ஒருவராக யோஷிகோ செயலாற்றினார். ஈட்டுத்தொகை பொதுமக்களின் நன்கொடையிலிருந்து வழங்கப்பட்டதால், அரசின் சட்டப்பொறுப்பை அந்நிதியம் தட்டிக்கழிக்கிறது என்னும் கண்டனம் எழுந்தது. பாதிக்கப்பட்ட பெண்களுள் சிலர் அதனை ஏற்க மறுத்தனர். அக்கண்டனம் வலுவானதே. எனினும் 1950இல் தணிக்கையால் திரையிலிருந்து நீக்கப்பட்ட பெண்ணின் துயரத்துக்கு அதே நடிகை பின்னாளில் பொதுவெளியில் குரல்கொடுத்தார் என்பது கருதத்தக்கது. போர்க்குற்றவாளிகளும் வழிபடப்படும் யாசுகுனி ஆலயத்துக்கு ஜப்பானியப் பிரதமர் செல்வது சீன மக்களின் மனத்தைப் புண்படுத்தும் என்றும் அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். 2014 செப்டம்பர் 7இல் தமது 94ஆம் வயதில் காலமானார்.

தன்வரலாறு என்னும் சான்று

யோஷிகோவின் இளமை பற்றிய செய்திகளுள் பல, 1987இல் ஃபுஜிவாரா சாகுயாவுடன் இணைந்து அவர் எழுதிய தன்வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன. அந்நூலின் அடிப்படையில் ஷிகி நாடகக்குழு 1991இல் இசைநாடகமொன்றை மேடையேற்றி, அடுத்த ஆண்டு சீனத்திலும் நிகழ்த்தியது. எழுபதை நெருங்கும் வயதில் எழுதப்பட்ட தன்வரலாறு நினைவையும் தற்காப்பையும் ஒருங்கே கொண்டிருத்தல் இயல்பு. மதிற்சுவர், பொம்மை, கப்பல் வானொலி ஆகியன இலக்கியத் தன்மையோடு அமைந்திருப்பதும் எச்சரிக்கையுடன் வாசிக்கத்தக்கது.

ஆயினும் அந்நூலின் மதிப்பு வேறோரிடத்தில் உள்ளது. தாம் இளையவர், ஏவலுக்குக் கட்டுப்பட்டவர், உண்மையறியாதவர் என்னும் மூன்று காரணங்களையும் அவர் முன்வைக்கிறார். அவற்றைக் கொண்டு தம்மை முற்றாக விடுவித்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வயதில் சாளரத்தின் வழியே கண்டதை எழுதியதன் வாயிலாக, அறியாமை என்னும் காரணத்தை அவரே வலுவிழக்கச் செய்கிறார். பிறர் எழுதிய அடையாளத்தில் வாழ்ந்த ஒருவர், இறுதியில் தம்மைப் பற்றிய வழக்கைத் தாமே திறந்து வைத்தமை அந்நூலின் சிறப்பு எனலாம்.

முடிவுரை

யமகுச்சி யோஷிகோவின் பன்முகப் பண்பாடு குடும்ப நட்பாலும் மொழிப்பற்றாலும் இசைக்கல்வியாலும் இயல்பாக உருவானது. அதனை மஞ்சுகோ ஆட்சி தன் கொள்கையின் முகமாக மாற்றியது. பார்வையாளர் அதில் தாம் விரும்பியதைக் கண்டனர். நீதிமன்றம் அதனை நீக்கிவிட்டுப் பிறப்புப் பதிவை மட்டும் ஏற்றது. போருக்குப் பிந்தைய அமெரிக்கத் திரையுலகும் வேறொரு பெயரில் அதே வகை வேடத்தை அவருக்கு அளித்தது. எனவே, பல பண்பாடுகளுக்கு உரியவராதல் ஒருவரின் திறனைச் சார்ந்ததாயினும், அதன் பயனை முடிவு செய்வது பெரும்பாலும் அவர் வாழும் காலத்தின் அதிகார அமைப்பே என்பது பெறப்படுகிறது.

அவ்வதிகாரத்துக்குப் பயன்பட்டோரின் பொறுப்பு அதனால் மறைந்துவிடுவதில்லை என்பதையும் அவரது பிற்கால வாழ்வு காட்டுகிறது. துரோகி அல்லர் என்று சட்டம் கூறியபின் அவர் வாளாவிருந்திருக்கலாம். பெய்ஜிங் இதழாளரின் வினாவுக்கு யோஷிகோ என்னும் தம் சொந்தப் பெயரில் விடையளிக்க அவருக்கு நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1987ஆம் ஆண்டின் நூலே அவ்விடை. ஷாங்காயில் உருவான அவரது பாடலோ இவ்விவாதங்களைக் கடந்து தெரேசா டெங் உள்ளிட்ட பிற்காலப் பாடகர்களால் மீண்டும் பாடப்பட்டு, சீன மொழி பேசுவோரிடையே இன்றும் வழங்கி வருகிறது.